கடவுளுக்கு மறுநியமனம்

பிரான்ஸில் கடவுள் கொஞ்ச காலம் பணிநீக்கத்தில் இருந்தார். புரட்சி நடந்துகொண்டிருந்த 1793 நவம்பரில் பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தில் பகுத்தறிவுக்கு விழா எடுத்து, அவர் இடத்தில் ஒரு பெண்ணைத் தேவி வேடத்தில் உட்காரவைத்தார்கள். 1801 ஜூலை 15 அன்று, பாப்பரசருடன் செய்த உடன்படிக்கை வடிவில் மறுநியமன ஆணை தயாரானது. மொத்தம் 17 ஷரத்துகள். கொடுத்தவர் அப்போது பிரான்ஸை ஆண்ட முதல் கான்சல் நெப்போலியன். கடவுள் சார்பில் கையெழுத்துப் போட்டவர், பாப்பரசர் ஏழாம் பயஸின் தூதர் கர்தினால் கொன்சால்வி.

நெப்போலியனின் பக்தியை யாரும் குறைவாக எடைபோட வேண்டாம். 1798-இல் எகிப்தில் போய் இறங்கியபோது, நாங்களும் முஸ்லிம்கள்தான், ரோமில் பாப்பரசரின் அரியணையைக் கவிழ்த்ததே நாங்கள்தான் என்று துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்தவர் அவர். இறங்கிய ஊரில் எந்தச் சாமியோ அந்தச் சாமிக்குக் கும்பிடு.

பணி நிபந்தனைகளைப் பாருங்கள். பழைய பாக்கியைக் கேட்கக் கூடாது: 1789-இல் பறித்து ஏலம்விட்ட திருச்சபை நிலங்கள் வாங்கியவர்களுக்கே சொந்தம். ஆயர்களை நெப்போலியன் பெயர் குறிப்பார், பாப்பரசர் அதிகாரம் அளிப்பார். ஆயர் முதல் பங்குக்குரு வரை அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். சதி ஏதும் காதில் விழுந்தால் உடனே அரசுக்குச் சொல்லிவிட வேண்டும். பூசையோடு ஒற்றுவேலையும் சேர்ந்த பதவி. பிறகு 1802-இல் பாப்பரசரை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் 77 விதிகளைச் சேர்த்து ஒட்டினார்கள். சம்பளப் பட்டியல் அதில்தான் இருக்கிறது: பேராயருக்கு ஆண்டுக்கு 15,000 பிராங்க், ஆயருக்கு 10,000, முதல் வகுப்புப் பங்குக்குருவுக்கு 1,500, இரண்டாம் வகுப்புக்கு 1,000.

1802 ஏப்ரல் 18, உயிர்ப்பு ஞாயிறு. அதே நோத்ருதாமில் நன்றிப்பாடல் முழங்கியது. மறையுரை ஆற்றியவர் பேராயர் புவாழ்லேன். 1775-இல் பதினாறாம் லூயி முடிசூடியபோதும் இவரே மறையுரை. அந்த மன்னரின் தலை போயிற்று. இவர் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சிரித்தது போதும். 1790-இல் புரட்சி அரசு குருக்களிடம் என்ன கேட்டது? அரசிடம் சம்பளம் வாங்கு, அரசுக்குப் பிரமாணம் எடு என்றது. பாப்பரசரை ஒதுக்கிவிட்டு எடுக்கும் பிரமாணம் பாவம் என்று மறுத்தவர்களை வேட்டையாடினார்கள். 1792 செப்டம்பரில் பாரிஸின் கார்மேல் மடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். 1793 நவம்பரில் நாந்த் நகரத்தில் சுமார் 90 குருக்களைப் படகில் ஏற்றி, நடு இரவில் லுவார் ஆற்றில் மூழ்கடித்தார்கள். பத்தே ஆண்டு. அதே சம்பளம், மறுபடி ஒரு பிரமாணம். புதிதாகச் சேர்ந்தது ரோமின் முத்திரை. ரோமாபுரிக்காரர்களே, எது பாவம் என்று சொல்லி அவர்களைச் சாகவிட்டீர்களோ, அதில் முக்கால்வாசிக்கு முத்திரை குத்தியிருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? குருமாரின் பிடியிலிருந்து விடுதலை என்று நம்பி எல்லையில் செத்த சிப்பாய்ப் பையன்களுக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள், குடியரசுக்காரர்களே? இரண்டு பிணக்குவியலுக்கும் நடுவில் மேசை போட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்!

சம்பளம் கொடுத்தவர் வேலையும் வாங்கினார். 1806-இல் வந்த ஞானோபதேச நூல், பேரரசராகிவிட்ட நெப்போலியனுக்கு வரியும் படைச்சேவையும் தர மறுப்பவனுக்கு நித்திய நரகம் என்று பிள்ளைகளுக்குப் போதித்தது. மாதாவின் விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்ட் 15-ஐ ‘புனித நெப்போலியன்’ என்பவரும் வந்து பங்குபோட்டுக்கொண்டார். அது பேரரசரின் பிறந்தநாளும்கூட. 1809-இல் அவருடைய படை பாப்பரசரையே கைதுசெய்து கொண்டுபோனது. 1814 வரை சிறை.

17 ஷரத்துகளையும் 77 விதிகளையும் வரி வரியாகத் தேடுங்கள். ஆலயமணியை எப்போது அடிக்கலாம் என்பதற்குக்கூட விதி இருக்கிறது. லுவார் ஆற்றின் அடியில் கிடந்த குருக்கள் எந்த வகுப்பு, அவர்களுக்கு எத்தனை பிராங்க் என்பதற்குத்தான் இல்லை.