கன்றுக்கு ஏழு ரூபாய்
ஆர்.கே.பேட்டைப் பக்கம் குன்றடிப் பட்டா நிலத்தில் உசிலையும் வெப்பாலையும் தானாக முளைத்து நிற்கும். விட்டுவைத்தவருக்குச் சல்லிக்காசு கிடையாது. பொக்லைன் விட்டு வழித்து வேர்க்கடலை போட்டால் விதைக்கு மானியம் உண்டு. வரப்பில் கன்று நட்டால் இன்னும் யோகம். 2021-22இல் வந்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்று இலவசம். பிழைத்தால், இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை, கன்றுக்கு வருஷம் 7 ரூபாய். அதற்கு பஸ் ஸ்டாண்டில் டீ கூட வராது. கோஸ்டா ரிக்காவில் 1997 முதல், எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டை நிற்கவிட்ட நிலக்காரருக்குக் கொடுக்கிறார்கள். நம்மூர் உசிலை செய்த குற்றம், யாரும் நடாமல் முளைத்தது. அதை வெட்டிவிட்டு அதே குழியில் இலவசக் கன்றை வையுங்கள், மனு செல்லும். சிட்டா நகலை மறந்துவிடாதீர்கள்.