மூணே மூணு படி

முதுகில் தடவிய தைலம் காய்வதற்குள் இதை எழுதிவிட வேண்டும். தைலம் காய்ந்தால் கோபமும் காய்ந்துவிடும். அடுத்த புரட்டாசியில் மறுபடி நானே பரணில் ஏறி நிற்பேன்.

"இந்த வருஷம் கொலு சிம்பிளா மூணே மூணு படி." ஆடியிலேயே முடிவாகிவிட்டது. முடிவெடுத்தது மனைவி, தலையாட்டியது நான். பண்டிகையை உண்மையிலேயே சுருக்க என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

மூன்று படி என்றால் முதலில் கை வைக்க வேண்டியது தசாவதார செட்டில். அது ஒன்றே ஒரு படியை அடைத்துக்கொள்ளும். பத்துப் பேரில் யாரைப் பரணுக்குத் திருப்பி அனுப்புவது? மச்சமும் கூர்மமும் இல்லாமல் கதையே தொடங்காது. வராகரை விட்டால் பூமி கடலுக்கடியிலேயே கிடக்கும். நரசிம்மரிடம் போய் யார் சொல்வது? வாமனரை எடுக்கலாமென்றால் இருப்பதிலேயே அவர்தான் குட்டி, எடுத்தும் இடம் மிச்சமாகாது. தவிர, மூன்றே அடி என்று ஆரம்பித்தது எங்கே போய் முடியும் என்பதை அவர் மகாபலிக்குக் காட்டினார். எனக்கு என் வீட்டில் காட்டினார்கள். பரசுராமர் கையில் கோடாலி இருக்கிறது. ராமரை ஏற்கெனவே ஒரு தடவை பதினாலு வருஷம் அனுப்பியாயிற்று. பலராமரும் கிருஷ்ணரும் அண்ணன் தம்பி, பிரித்த பாவம் நமக்கு வேண்டாம். "கல்கி இன்னும் வரவே இல்லையே, அவருக்கு எதற்கு இப்போதே இடம்?" என்றேன். "தாத்தா, குதிரை!" என்றாள் பேத்தி. குதிரை நின்றது, அதன் தயவில் அவரும் நின்றார்.

அடுத்தது கல்யாண செட். பந்தியைக் கொஞ்சம் குறைக்கலாமே என்றேன்.

"இலை போட்டு உட்கார்ந்தவங்களை எழுப்புவீங்களா?"

நாதஸ்வரக்காரர் மிச்சம். ஏழு வயதில் நான் கீழே போட்டு, அம்மா கோந்து வைத்து ஒட்டிய நாதஸ்வரம் அது. ஒட்டிய இடத்தில் இன்னும் பழுப்பாக ஒரு மொக்கு. கோணிக்கொண்டு நேரே தவில்காரர் காதுக்குள்தான் வாசிக்கிறார். "இவரை வேணா விட்டுடலாம்" என்றாள். "அவர் இருக்கட்டும்" என்று சொன்னது யார் என்பது இங்கே முக்கியமில்லை.

கொலுப்படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். ஆகவே மூன்று ஐந்தாகி, ஏழாகி, ஒன்பதில் நின்றது. அதற்கு மேல் மின்விசிறி. சுண்டலையும் தாம்பூலத்தையும் சிம்பிளாக்கிய கதை வேண்டாம். சிம்பிள் என்றால் கடைக்கு ஒரு தடவைக்கு மூன்று தடவை நான் போவது என்று அர்த்தம்.

நேற்று ராத்திரி மரப்பாச்சிகளைப் படுக்க வைத்தோம். அவை படுத்த அழகைப் பார்த்துப் பொறாமைப்பட்டது நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இன்று காலையிலிருந்து பழைய வேட்டியில் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றுகிறேன்.

அந்த யோசனையைச் சொல்ல வந்தேன் அல்லவா? வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. "மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கு இப்பப் போனா பேரம் படியும்" என்கிறாள். எங்கள் கல்யாண செட்டில் ஒத்து ஊத ஆளில்லை. வீட்டில் இத்தனை வருஷமாக அந்த வேலையை நான்தான் பார்த்துவருகிறேன்.