கம்பவியல்: தெருமுனை மின்கம்பம் ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய நாகரிகத்தைக் காண மண்ணைத் தோண்டுவோர் கீழடிக்குப் போகட்டும். கழுத்தை நிமிர்த்தினாலே கண்ணில் படும் நாகரிகம் ஒன்று நம் தெருமுனையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மின்வாரியத்தின் சிமெண்டுக் கம்பம் ஒன்று; அதில் சுற்றியும் முடிந்தும் மாட்டியும் பாதியில் விட்டும் கிடக்கும் ஒயர்கள். இவையே இவ்வாய்வின் முதன்மைச் சான்றுகள். தாம்பரத்தை அடுத்த ஒரு குறுக்குத் தெரு ஆய்வு எல்லை. நெட் போனதற்கும் வந்ததற்கும் இடைப்பட்டது ஆய்வுக் காலம். அக்காலத்தில் ஆய்வாளருக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

கருதுகோள் இது: ஒரு வீட்டுக்குள் படமும் செய்தியும் எவ்வளவு வேகமாக வருகின்றனவோ, அவ்வளவு தூரத்துக்கு அந்த வீட்டின் புகார் போக வேண்டியிருக்கிறது. வசதி கருதி இதைத் தூர விதி என்போம்.

முறையியல் பற்றி ஒரு சொல். அகழாய்வில் பழையது அடியிலும் புதியது மேலேயும் கிடக்கும். கம்பத்தில் அந்த ஒழுங்கு செல்லாது. புதிதாக வருகிறவர் ஏணி எட்டிய இடத்தில் கட்டிவிட்டுப் போகிறார். பழையதை அவிழ்ப்பது அவர் வேலையில்லை. ஆகவே இங்கே காலத்தை உயரத்தால் கணிக்காமல் ஒயரின் தடிமனால் கணிப்பதே தகும். தடித்தது முந்தையது, மெலிந்தது பிந்தையது.

கம்பத்தில் ஒன்றுமே இல்லாத காலம் ஒன்று இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய 1975 ஆகஸ்ட் 15 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அது நீடித்தது. மொட்டைமாடியில் ஆன்டெனா, அதைப் பிடித்தபடி அப்பா, மாடிப்படியில் அண்ணன், கூடத்தில் அம்மா. “வருதா?” “வருது… வருது… போச்சு! விட்ட எடத்துக்கே திருப்புங்க!” புகார் கொடுப்பவரும் பழுது நீக்குபவரும் ஒரே ரேஷன் கார்டில் இருந்தார்கள். புகார் பயணம் செய்த தூரம் ஒரு மாடி. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் இன்னும் உயரமான குழாய் நட்டு, பூஸ்டர் மாட்டி, 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பார்த்தவர்கள் உண்டு. கடற்காற்று திசைமாறிப் படம் அலைந்தால் அவர்கள் யாரையும் திட்டவில்லை. காசு வாங்கியவன் என்று ஒருவனும் இல்லாதபோது புகார் என்ற ஒன்றும் பிறப்பதில்லை. இதைப் பின்னால் பயன்படுத்துவோம்.

முதல் அடுக்கு, சுண்டுவிரல் தடிமனுள்ள கறுப்புக் கேபிள். 1991 வளைகுடாப் போரை நேரலையில் காட்டிய டிஷ் ஆன்டெனாக்களோடு வந்து, 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கியதும் வீட்டுக்கு வீடு நுழைந்தது. அதை முறைப்படுத்தச் சட்டம் வந்தது 1995இல். கேபிள்காரர் அதற்கு முன்பே தெருவின் அதிகார மையம் ஆகிவிட்டிருந்தார். இந்த அடுக்கில் கொஞ்சம் நிற்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாதவருக்குப் பிந்தைய அடுக்குகள் எதுவும் விளங்கா.

செம்புக் கேபிளில் சிக்னல் போகப் போக இளைக்கும். நடுநடுவே ஆம்ப்ளிஃபயர் வைத்து ஏற்றிவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வேண்டும். அதைத் தெருவில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து எடுப்பார்கள். அந்த வீட்டுக்குக் கனெக்‌ஷன் இலவசம். அந்த வீட்டுக்காரர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் குலதெய்வம் கும்பிடப் போனால், அதற்கப்பால் உள்ள வீடுகளில் எல்லாம் திரை புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். தெருவில் அந்த வீட்டம்மாவுக்கு இருந்த மரியாதையைக் கவுன்சிலர்கூடப் பெற்றதில்லை. “என்னிக்குத் திரும்பி வருவீங்க அக்கா?” என்று பேருந்து ஏறும்வரை பின்னாலேயே போய்க் கேட்ட பெண்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை படம் அப்படி.

ஆனால் இந்த அடுக்கின் உயிர்நாடி ஒயரில் இல்லை, வசூலில் இருந்தது. கேபிள்காரர் மாதம் முடிந்த பிறகுதான் பணம் வாங்க வருவார். கையில் நோட்டை வைத்துக்கொண்டே வாசலில் நின்று கேட்கலாம்: “போன வாரம் ரெண்டு நாள் ஒண்ணும் வரலையே?” “மெயின்ல ப்ராப்ளம்மா, நாளைக்குப் பார்த்துடறேன்.” “பார்த்துட்டு வந்து வாங்கிக்க.” அவர் தலையைச் சொறிவார். பெரும்பாலும் அன்று மாலையே பையன் ஒருவன் ஏணியோடு சைக்கிளில் வருவான். புகார் போன தூரம் வாசற்படியிலிருந்து டீக்கடை வரை. பார்த்துவிட்டுக் காசு கொடுப்பதற்கும், காசு கொடுத்துவிட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பொருளியல் அறிஞர்கள் பலபடியாக விரித்துரைப்பர். அந்தத் தெருவுக்கு அது வாசலிலேயே விளங்கியிருந்தது.

இரண்டாம் அடுக்கு கம்பத்தில் தெரியாது; டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பாக்ஸ். கட்டணச் சேனல்களுக்குப் பாக்ஸ் வேண்டும் என்ற முறையை 2003 செப்டம்பர் 1இல் முதலில் பார்த்தது சென்னை. பார்த்துவிட்டுப் பெரும்பாலான வீடுகள் பாக்ஸ் வாங்காமலே இருந்தன. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தபோது கம்பத்தில் அரசியலும் ஏறியது. 2019 பிப்ரவரி 1 முதல் புதிய கட்டண முறை: முதல் 100 சேனலுக்கு 130 ரூபாய், 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசு. அந்த நூறில் 25 தூர்தர்ஷன் சேனல்கள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. விருப்பமான சேனலை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று அச்சடித்த படிவம் கொடுத்தார்கள். பாட்டிகள் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்கள். கடைசியில் கேபிள்காரரே “உங்களுக்கு இந்தப் பேக்தான் சரி” என்று டிக் போட்டுக் கொடுத்தார். நுகர்வோர் இறையாண்மையின் வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க கட்டம்.

தூர விதி இங்கே ஒரு படி ஏறுகிறது. படம் நின்றால் டீக்கடைக்குப் போய்ப் பயனில்லை. “கண்ட்ரோல் ரூம்ல ரீஆக்டிவேட் பண்ணணும்” என்பார் கேபிள்காரர். கண்ட்ரோல் ரூம் எங்கே என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது அடுக்கு, வீட்டுக்கு நெட் கொண்டுவந்த நீலமும் சாம்பலுமான லேன் கேபிள். மாடிக்கு மாடி தாவி, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு சுவிட்சில் கூடும். ஐப்பசி இடியில் போர்ட் வெந்துபோகும். அற்பாயுளில் முடிந்த அடுக்கு. எச்சங்கள் இன்றும் உண்டு.

வேகத்தையும் இங்கேயே குறித்துவிடலாம். 2004ஆம் ஆண்டுக் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட். ஐந்து எம்பி பாட்டு ஒன்று இறங்குவதற்குள் அந்தப் பாட்டின் பாதியைப் பாடி முடித்துவிடலாம். 2013இல் 512 ஆக்கினார்கள், 2023இல் 2 மெகாபிட். இன்று வீட்டுக்கு 100 மெகாபிட் என்று விற்கிறார்கள். அது நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட். எட்டால் வகுக்காமல் சண்டைக்குப் போகிறவர்களால் கஸ்டமர் கேர் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

கடைசி அடுக்கு ஃபைபர். ஒளி ஓடும் கண்ணாடி நடுத்தண்டு 9 மைக்ரான், உறையோடு 125. கண்ட்ரோல் ரூமிலிருந்து கிளம்பும் ஒரே ஒளியை ஸ்ப்ளிட்டர் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும். ஐந்து முறை பிரித்தால் 32 வீடு. அந்த முப்பத்திரண்டில் ஒரு பங்கு வெளிச்சத்தில்தான் தெருவே ஓடிடியில் தொடர் பார்க்கிறது. செம்புக் கேபிளைப் போல இதை மடக்க முடியாது. இறுக்கி வளைத்தால் வளைவில் ஒளி கசிந்துவிடும். வெட்டுப்பட்டால் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்ட முடியாது. ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும். வெளிச்சம் வந்து சேராவிட்டால் வீட்டுப் பெட்டியில் ‘லாஸ்’ என்ற சிவப்பு விளக்கு சிமிட்டும்.

சிவப்பு விளக்கு சிமிட்டும்போது ரூட்டரை அணைத்துப் போடுவதால் பயனில்லை. வராத ஒளியை அணைத்துப் போட்டு வரவழைக்க இயலாது. ஆயினும் கஸ்டமர் கேரின் முதல் கட்டளை அதுவே. இச்சடங்கு வாடிக்கையாளரைச் சாந்தப்படுத்தவே ஏற்பட்டது என்பர் ஒரு சாரார். அற்றன்று, மறுமுனையில் இருப்பவர் தம் திரையில் வந்ததை வாசிக்கிறார், அவ்வளவே என்பர் பிறிதொரு சாரார். பின்னையதே எமக்கு உடன்பாடு. அந்தக் குரல் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்டறியும் முயற்சி தோல்வியுற்றது. தூர விதியில் அளவைநாடா தீர்ந்துபோகும் இடம் அது.

இனி டிக்கெட், அதாவது எண் போட்டுப் பதிவான புகார். பிராட்பேண்ட் பழுதுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றை அடுத்த வேலை நாளுக்குள்ளும், தொண்ணூற்றொன்பதை மூன்று வேலை நாளுக்குள்ளும் சரிசெய்ய வேண்டும் என்று 2006இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி வகுத்தது. நல்ல விதி. ஆனால் கடிகாரம் ஓடுவது டிக்கெட்டின்மேல், சிவப்பு விளக்கின்மேல் அன்று. டிக்கெட்டை மூட ஒரு சொடுக்கு போதும். ஃபைபரை ஒட்ட ஏணி, ஆள், மெஷின் மூன்றும் வேண்டும். ஆகவே டிக்கெட் முதலில் குணமாகிவிடுகிறது. நம் ஆய்வு வீட்டிலும் சிவப்பு சிமிட்டிக்கொண்டிருக்கையிலேயே “உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தது. ஆறு மாதப் பணம் முன்கூட்டியே கட்டியிருந்தபடியால் வாசலில் நிறுத்தி வைத்துக்கொள்ளக் கையில் நோட்டும் இல்லை.

பழுது நீங்கியது வேறு வழியில். பழைய கேபிள்காரர் எங்கும் போய்விடவில்லை. இப்போது அதே பகுதிக்கு நெட் கம்பெனியின் லோக்கல் பார்ட்னர். அதே டீக்கடை. மறுமுனையில் பதிவாகும் புகார் எங்கெங்கோ சுற்றி முடிவில் அவர் கைப்பேசியில்தான் வந்து இறங்க வேண்டும். நேரில் சொன்னால் அது புகார் ஆகாது. ஆனாலும் பழகிய முகம் என்று ஒரு தம்பியை அனுப்பினார். வந்தவர் பவர் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, “மைனஸ் முப்பது காட்டுது சார், இருபத்தஞ்சுக்குள்ள இருக்கணும்” என்று சொல்லி மொட்டைமாடிக்கு ஏறினார்.

மாடியில் வீட்டுக்காரப் பாட்டி ஒயர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கொடியாக்கி, ஈரப் போர்வை போட்டிருந்தார். போர்வையின் கனத்தில் ஃபைபர் கொக்கியோரம் மடங்கிக் கிடந்தது.

“பாட்டி, இது கொடி இல்ல.”

“இந்தக் கறுப்பு ஒயர்ல தம்பி, உங்க மொதலாளி கட்டின நாள்லேர்ந்து காயப்போடறேன். அது தாங்குதே.”

“அது செத்த கேபிள் பாட்டி. இதுதான் உயிரோட இருக்கறது.”

“உயிரோட இருக்கறது ஏன் இத்துனூண்டு இருக்கு?” என்றார் பாட்டி. இந்த வினாவுக்கு அடுக்கியல் அறிஞர்களும் விடை கூறியதில்லை. எப்படியாயினும், எந்த ஊரென்றே தெரியாத ஊர் வரை போய் வந்த புகாரின் மூலகாரணம், ஆன்டெனா காலத்தில் அப்பா நின்ற அதே மொட்டைமாடியில் கிடந்தது என்பது இவ்வாய்வின் எதிர்பாராத கண்டுபிடிப்பு.

தம்பி மடக்கை நீக்கிவிட்டு ஃபைபரைத் தனியே கட்டினார். கீழே பச்சை விளக்கு வந்தது. மெஷின்கூடத் தேவைப்படவில்லை.

“சார், ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.”

“என்ன ஓடிபி?”

“கம்ப்ளைண்ட் க்ளோஸ் பண்ண. அப்பத்தான் எனக்கு இந்த விசிட் கணக்குல வரும்.”

“அதைத்தான் காலையிலயே க்ளோஸ் பண்ணிட்டாங்களே.”

தம்பி தலையைச் சொறிந்தார். “அப்ப ஒண்ணு பண்ணுங்க சார். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, நெட் வரலன்னு இன்னொரு கம்ப்ளைண்ட் குடுத்துடுங்க. உடனே வந்து சரிபண்ணிட்டேன்னு நான் க்ளோஸ் பண்ணிக்கிறேன்.”

பச்சை விளக்குக்கு எதிரே உட்கார்ந்து எண்ணை அழுத்தினோம். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள்.