படகு கிடைத்தது, ஆள்?

கேள்வி: தனி ஆளாக உலகைச் சுற்றும் படகுப் போட்டியில் கிளம்பிய டொனால்ட் குரோஹர்ஸ்ட், படகிலிருந்து எப்படி மாயமானார்? தவறி விழுந்தாரா, குதித்தாரா, அல்லது எங்காவது தாடி வளர்த்துக்கொண்டு பிழைத்திருந்தாரா?

பதில்: தாடிக் கதை சினிமாவுக்குச் சரி. 1969 ஜூலை 10 அன்று 'பிக்கார்டி' என்ற கப்பல் அவர் படகைக் கண்டது நடு அட்லாண்டிக்கில். அங்கிருந்து நீந்திக் கரையேற மீனாகப் பிறந்திருக்க வேண்டும்!

தவறி விழுவது தனிப் பயணிகளுக்கு நிஜமான ஆபத்து. காற்று இருந்தால் படகு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நிறுத்த ஆள் கிடையாது. ஆனால் இவர் விஷயமே வேறு. தென் அட்லாண்டிக்கில் சுற்றிக்கொண்டே, ரேடியோவில் மட்டும் உலகைச் சுற்றினார். கடைசி ஆளாக வந்தால் பயணக் குறிப்பேட்டை யாரும் துருவிப் பார்க்க மாட்டார்கள் என்பது கணக்கு. இவர் துரத்தி வருவதாக நம்பிப் படகை விரட்டிய சக போட்டியாளர் நைஜல் டெட்லி, மே மாதம் படகே உடைந்து மூழ்கப் போட்டியிலிருந்து விலகினார். மிகக் குறைந்த நாட்களில் சுற்றியவருக்கான 5,000 பவுண்டு பரிசு பொய்க்காரருக்கே கிடைத்துவிடும் அபாயம்! பரிசு வந்தால் கூடவே ஆராய்ச்சியும் வருமே.

அதன்பின் கடவுள், காலம், பிரபஞ்சம் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். ஜூலை 1 அன்று மணி, நிமிடம், நொடி எல்லாம் குறித்து, பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். சாட்சி யாருமில்லை. குதித்தார் என்பதே என் கட்சி. படகிலிருந்த கடிகாரத்தையும் காணோம். தவறி விழுபவர் அதைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டா விழுவார்?