கடைசி விலை

“என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்.”

நேற்றுக் காலை கிளிநொச்சி டிப்போச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் வைத்து இதைச் சொன்னவர் ஆறாவது ஆள். கார் வீட்டுக்கு வந்து நாலே நாள். இந்த நாலு நாளில் அதைப் பார்த்து “வடிவாயிருக்கு” என்று சொன்னவர் ஒருவர்தான். அவருக்கு வயது ஐந்து. மற்றவர்கள் எல்லாரும் முன் ரயரை ஒருதரம் உதைவார்கள், பொனெற்றில் விரலால் தட்டிக் காது கொடுப்பார்கள், பிறகு தலை நிமிராமல் “எவ்வளவுக்கு எடுத்தது?” என்பார்கள். விலையைச் சொன்னதும் ஒரு மூச்சு இழுப்பார்கள் பாருங்கள், செத்தவீட்டுக்கு வந்து “எத்தினை மணிக்கு முடிஞ்சது?” என்று கேட்டுவிட்டு இழுப்பார்களே, அதே மூச்சு.

அதற்குப் பிறகுதான் குருநாகல் பெடியன் வருவான். “குருநாகலில எனக்குத் தெரிஞ்ச சிங்களப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான். இதைவிடக் குறைச்சுக் கண்ணை மூடிக்கொண்டு தந்திருப்பான்.” அந்தப் பெடியனை நான் கண்டதில்லை. அவனிடம் கார் வாங்கிய எவரையும் கண்டதில்லை. ஆனால் கரடிப்போக்கிலிருந்து முறிகண்டி வரை அவனைத் தெரியாத ஆள் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

கார் விலையைக் குறைப்பதற்கு ஒரு சூத்திரம் எனக்குப் பிடிபட்டிருக்கிறது. முப்பது வருசம் கணிதம் படிப்பித்தவன் சொல்கிறேன், நம்பலாம். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் கடைசி விலையைப் பற்றி இரண்டு வார்த்தை.

நாங்கள் ஒருவரும் முதல் விலை கேட்பதில்லை. வவுனியாவில் அந்தக் கார் விற்கும் இடத்துக்குள் கால் வைத்ததும், செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதற்கு முந்தியே, நான் கேட்ட கேள்வி “தம்பி, கடைசி என்ன?” என்பதுதான். தம்பியும் “கடைசி அறுபத்தாறு இலட்சம், சேர்” என்றான். இது முதலாவது கடைசி. அதை இரண்டு பேரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் பெயின்ட்டில் ஒரு கீறலைக் கண்டுபிடித்து அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, “சரி, இப்ப கடைசியாச் சொல்லும்” என்றேன். அவன் அறுபத்தைந்து எண்பது என்றான். இரண்டாவது கடைசி. பிறகு “உங்களுக்கெண்டபடியால்” என்று தொடங்குகிற கடைசி வந்தது. என்னை அவன் அன்றைக்குத்தான் கண்டிருந்தான். அதற்குப் பிறகு “முதலாளியிட்டைக் கேட்டுச் சொல்லுறன்” என்ற கடைசி. ஒரு வானுக்குப் பின்னால் போய் நின்று போனில் கெஞ்சினான், கையை ஆட்டினான், ஒரு கட்டத்தில் கண்ணீர் வராத குறை. போனின் முகம் என் பக்கம்தான் இருந்தது. வெளிச்சமே இல்லை. முதலாளி என்று ஒருவர் இருந்தால் அவர் சித்தர்.

இதையெல்லாம் தாண்டியது எழும்பிப் போகும் கடைசி. இதில் நடைதான் முக்கியம். மெதுவாக நடக்கவேண்டும், ஆனால் மெதுவாக நடப்பதாகத் தெரியக்கூடாது. படலைக்கு நாலு அடி இருக்கும்போது பின்னாலிருந்து “சேர், சேர்” என்று குரல் வரவேண்டும். இந்த விசயத்தில் என் மனிசி கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன். கிளிநொச்சிச் சந்தையில் ஒரு கிலோ வெங்காயத்துக்கு விலை பேசி, வாங்கி முடித்த பிறகு இரண்டு பச்சைமிளகாயும் ஒரு நெட்டுக் கறிவேப்பிலையும் போடவைக்கிறவள். ஆனால் சந்தை நடை வேறு. அவள் விறுவிறென்று நடந்து படலையைத் தாண்டிக் கண்டி வீதிக்கே போய்விட்டாள். நானும் பின்னால் ஓடினேன். ஒரு குரலும் வரவில்லை. பஸ் ஹோர்ன்தான் கேட்டது. ஐந்து நிமிடம் மதிலோரம் நின்றுவிட்டு, “குடையை விட்டிட்டுப் போட்டம்” என்று சொல்லிக்கொண்டு திரும்ப உள்ளே போனோம். குடை மனிசியின் கையில் இருந்தது. தம்பி அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் இரண்டு கதிரையை இழுத்துப் போட்டான். அந்த மரியாதைக்கே இருபத்தையாயிரம் கூடக் கொடுத்திருக்கலாம். கொடுத்தும் இருக்கிறேன் என்று ஆறு பேரும் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவரும் தரகரும் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எத்தனை விரல், எந்த விரல் என்பது அந்த இரண்டு பேருக்கும்தான் தெரியும். சுற்றி நிற்கிறவனுக்கு மாடு தெரியும், விலை தெரியாது. இப்படி நாகரிகமான ஏற்பாடு வேறு எங்கே உண்டு? அந்தத் துண்டு ஒன்று வன்னிக்கு வந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்கமாட்டேன்.

சூத்திரத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தி லீசிங்.

2009க்குப் பிறகு ஏ9 திறந்தபோது எங்கள் ஊருக்கு முந்திக்கொண்டு வந்து போர்டு வைத்தவர்களில் லீசிங்காரரும் உண்டு. பல வீடுகளுக்குக் கூரை வர முதல் லீசிங் வந்தது. அதுவரைக்கும் என் வாகனம் ஒரு எம்டி நைன்ரி மோட்டார் சைக்கிள். பொருளாதாரத் தடைக்காலத்தில் சொட்டுப் பெற்றோல் காட்டி உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டியது. அதை முள்ளிவாய்க்காலில் நிறுத்திவிட்டு வந்தேன். திறப்பை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்தேன், மேசை லாச்சிக்குள் இப்போதும் கிடக்கிறது. அதற்கு எவரும் கடைசி விலை கேட்கவில்லை.

இந்தமுறை முழுக் காசும் லீசிங்கில் எடுக்க முடியாது, மத்திய வங்கி வரம்பு வைத்திருக்கிறது. முப்பத்தைந்து இலட்சத்துக்குச் சீட்டுக் காசும், மனிசியின் காப்பும், ஸ்காபரோவில் இருக்கும் மச்சானும் உதவினார்கள். மிச்சம் முப்பது இலட்சம் ஐந்து வருசத் தவணை. “ஒன்பது வீதம்தான் சேர்” என்றான் லீசிங் தம்பி. பையிலிருந்த பிள்ளைகளின் பயிற்சித் தாளின் முதுகில் கணக்குப் போட்டேன். முப்பது இலட்சத்துக்கு ஒன்பது வீதம், ஐந்து வருசம், வட்டி பதின்மூன்றரை இலட்சம். மாதம் 72,500 ரூபா. ஐந்தாம் வருசம் முதலில் பெரும்பகுதியைக் கட்டி முடித்திருப்பேன், ஆனாலும் வட்டி முழு முப்பதுக்கும்தான். குறைந்து செல்லும் மீதிக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை வட்டி பதினைந்தரையைத் தாண்டுகிறது. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நான் வருசாவருசம் படிப்பிக்கிற பாடம். வழிமுறையெல்லாம் எழுதி, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு அவனிடம் நீட்டினேன். அவன் அதைப் பணிவாகப் பார்த்தான். “சேர், மாசம் எவ்வளவு எண்டு மட்டும் பாருங்கோ. மற்றதெல்லாம் டென்சன்.” கையெழுத்து வைத்தேன்.

அன்றிரவு மச்சான் போனில் வந்தான். “அத்தான், யோசியாதேங்கோ. மூண்டு வருசத்தில லீஸ் முடியக் காரைத் திருப்பிக் குடுத்திட்டுப் புதுசை எடுங்கோ. நாங்கள் அப்பிடித்தான்.” கனடாவில் லீஸ் என்றால் வாடகை. இங்கே புத்தகத்தில் பதிவுச் சொந்தக்காரன் நான், முழுச் சொந்தக்காரன் கொம்பனி. கார் திரும்பிக் கொம்பனிக்குப் போகிறதென்றால் அதைத் “தூக்கிக்கொண்டு போறது” என்போம். ஒழுங்கையே வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும். இதை அவனுக்கு விளங்கப்படுத்த முக்கால் மணித்தியாலம் போனது. கடைசியில், “அப்ப என்னத்துக்கு அதை லீஸ் எண்டு சொல்லுறியள்?” என்றான். அந்தக் கேள்வி மட்டும் நியாயமானது.

இவ்வளவும் எந்தச் சொகுசுக்கு என்று கேட்பீர்கள். 2017ஆம் ஆண்டு வேகன் ஆர். 658 சிசி. ஜப்பானில் இந்தச் சாதி வாகனத்துக்கு ‘கெய்’ என்று பெயர். 660 சிசிக்கு மேல் போகக்கூடாது, நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள். வரி குறைவு, மஞ்சள் நம்பர் பிளேட். அங்கே சந்தைக்கு லீக்ஸ் வாங்கப் போகிற வண்டி இங்கே வந்து இறங்கியதும் மாப்பிள்ளைக் காராகிவிட்டது. 2020 மார்ச்சில் கார் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். வயது போகப் போக விலை ஏறுகிற சாமான் வன்னியில் முதிரை மரம் ஒன்றுதான் என்றிருந்தேன். இடையில் காரும் சேர்ந்துகொண்டது. திறந்த பிறகாவது விழும் என்று காத்திருந்தேன். புதுசுக்கு வரிக்கு மேல் வரி, அதற்கு மேல் 18 வீத வற் என்று வந்ததில் பழசுக்குக் கௌரவம் இன்னும் கூடிவிட்டது. ஒன்றரை மடங்கு காசை வாங்கிக்கொண்டு ஒரு யன்னல் சீலையை மட்டும் தொங்கவிட்டு ‘அரைச் சொகுசு’ என்று பஸ் ஓடவிட்ட நாடு இது. என் காரில் ஏசி வேலை செய்கிறது. ஆகவே முழுச் சொகுசு.

மேலதிகமாக என்ன தருவீர்கள் என்று மனிசி விடாமல் நின்றதில், இலை வடிவத்தில் ஒரு வாசச் சாமான் கண்ணாடியில் தொங்கவிட்டுக் கொடுத்தார்கள். மூன்று மணித்தியாலப் பேச்சுவார்த்தையில் கீறலுக்குக் குறைத்ததைத் தவிர நாங்கள் வென்றெடுத்தது அதுதான். அந்த வாசத்தில் ஓமந்தைக்கு முந்தியே எனக்குத் தலையிடி தொடங்கிவிட்டது.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தோம். பக்கத்தில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த அம்மா காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எவ்வளவுக்குத் தம்பி எடுத்தனீ?” என்றா. அறுபத்தைந்து என்று உண்மையைச் சொன்னேன். “அறுபத்திரண்டுக்கு முடிச்சிருக்கலாம்.” அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி உண்மை சொல்வதில்லை. அடுத்தவருக்கு அறுபத்திரண்டு என்றேன். “ஐம்பத்தொன்பதுக்கு எடுத்திருக்கலாமே” என்றார். அதற்கடுத்தவருக்கு ஐம்பத்தொன்பது. “ஐம்பத்தாறு.” நான் சொன்ன சூத்திரம் இதுதான்: என்ன விலை சொன்னாலும் ஒரே பொது வித்தியாசம். ஆசை தாங்காமல் நேற்றுத் தேத்தண்ணிக் கடையில் நாற்பது என்று சொல்லிப் பார்த்தேன். ஆறாவது ஆள் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். “அப்ப அது அடிபட்ட கார், மாஸ்டர். என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

இதற்கிடையில், ஐம்பத்தொன்பது என்று நான் சொல்லிவைத்த பக்கத்து வீட்டு அண்ணை இரவோடிரவாகக் காசு சேர்த்துவிட்டார். அதே விலைக்குத் தனக்கும் ஒன்று பிடித்துத் தரவேண்டுமாம். வாற சனிக்கிழமை அவரோடு வவுனியாவுக்குப் போகவேண்டும்.

கார் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக வீட்டுக்கு வரலாம். ரயரை உதையலாம், பொனெற்றைத் தட்டலாம், தேத்தண்ணியும் தருவோம். விலையை மட்டும் கேளாதீர்கள். அந்த இலை வடிவ வாசச் சாமான் யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன்.