பூண்டும் எண்ணெயும்

நேப்பிள்ஸ் பீட்சா விறகடுப்பில் 90 வினாடிக்குள் வெந்துவிடுமாம். நுங்கம்பாக்கத்து இத்தாலிய உணவகத்தின் சுவரில் எழுதியிருந்தது. சனிக்கிழமை ராத்திரி வாசலில் முக்கால் மணி நேரம் நின்றதில் அதை நாலு தடவை படித்துவிட்டேன்.

மச்சான் மெனுவை எழுத்துக்கூட்டி, "ஆலியோ எ ஓலியோ" சொன்னான். அர்த்தம் பூண்டும் எண்ணெயும். வந்ததும் அதேதான்: பூண்டு, ஆலிவ் எண்ணெய், இடையில் ஒப்புக்குக் கொஞ்சம் ஸ்பாகெட்டி. 645 ரூபாய், வரி தனி.

"வேகலையே தம்பி" என்றாள் அம்மா.

"அல் டென்டே மேடம். பல்லுல தட்டுப்படணும்."

அம்மா பல்செட்டை நாக்கால் ஒருமுறை சரிசெய்துகொண்டாள். வீட்டில் இந்தப் பதத்தில் சேமியா வந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற அப்பா, இங்கே மிருதங்கக் கச்சேரி கேட்பவர்போல் தலையாட்டிக்கொண்டே மென்றார்.

மார்கரிட்டா பீட்சாவுக்கு மகள் கெட்சப் கேட்டாள். பரிமாறுகிறவர் முகத்தில் துக்க வீட்டுக் களை. தக்காளி மேல் தக்காளி ஊற்றுவது இத்தாலியில் பாவமாம். (அந்தத் தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறியதுதான். இருக்கட்டும்.)

வீட்டுக்கு வந்ததும் அம்மா மோர்சாதம் பிசைந்தாள். யாரையும் கேட்காமலே ஐந்து தட்டு எடுத்து வைத்தாள்.