மானோடு ஓடலாமா?

கேள்வி: மகளுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்திருக்கிறது. கர்மாட்டாங் கடற்கரையில் ஓடிப் பழகியவள். பட்டணத்து வளாகத்தில் ஓட முடியுமா?
- வாசகர், மாயாபந்தர், அந்தமான்

பதில்: தாராளமாக! கிண்டிக் காட்டில் பிரித்துக் கொடுத்த நிலம் அது, 600 ஏக்கருக்கு மேல். வாயிலிலிருந்து கஜேந்திரா சர்க்கிள் வரை மரநிழல். மாணவர்களுக்குச் சைக்கிள்தான் வாகனம். புள்ளிமானும் வெளிமானும் குறுக்கே பாயும். அவற்றோடு பந்தயம் வேண்டாம், தோற்றுவிடுவாள். கையில் வாழைப்பழமும் வேண்டாம், குரங்கு ஜெயித்துவிடும்.

ஒரே தொல்லை, சென்னைப் புழுக்கம். அதற்கும் உங்கள் ஊரே மருந்து. இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. ஆனால் மாயாபந்தரில் சூரியன் சுமார் 50 நிமிடம் முந்தி உதிக்கிறது. உங்கள் ஊர் விடியலுக்கே மகள் எழட்டும். சென்னையில் வெயில் ஏறுமுன் ஓடி முடித்துவிடலாம்.